இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?

"கொல்லு வேலை கத்துக்கணும். முதல்ல என்ன வாங்கணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான். நாற்பதைத் தாண்டியதும் கையால் ஏதாவது செய்யணும் என்று ஒரு அரிப்பு வருகிறது. சிலர் மாடித் தோட்டம் போடுகிறார்கள், சிலர் மரவேலைக்குப் போகிறார்கள். கொஞ்சம் பேருக்கு இரும்பு பிடித்துவிடுகிறது. பிடித்தவுடன் செய்கிற முதல் காரியம் யூடியூபில் அமெரிக்கர்களின் வீடியோக்களைப் பார்ப்பது, இரண்டாவது ஒரு பட்டியல் போடுவது. கொம்பு வைத்த 50 கிலோ பட்டடை, தரையில் கால் ஊன்றிய பெரிய வைஸ், புரோப்பேன் உலை, அரை டஜன் குறடு.

பட்டியலில் தப்பில்லை. ஆனால் அது தனி வீடும், பின்னால் ஒரு கராஜும் உள்ள, நின்றுகொண்டு தனியாக வேலை செய்கிற ஒருவருக்கான பட்டியல். தி.நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிற ஆளுக்கு அதில் பாதி உதவாது. அதைவிட முக்கியம், அது பட்டடையில் தொடங்குகிறது. நம்மூர் கொல்லுப்பட்டறையில் யாரும் பட்டடையில் தொடங்குவதில்லை. காற்றில் தொடங்குகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கணும்.

சாலையோரம் கூடாரம் போட்டு அரிவாள், கோடாலி, கத்தி அடித்து விற்கிற வட இந்தியக் குடும்பங்களைத் தமிழ்நாட்டு ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்த்தால் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கவனியுங்கள். தரையில் ஒரு சின்னக் குழி, அதில் கரி. பக்கத்தில் கையால் சுற்றுகிற ஊதுவிசிறி. மண்ணில் அடித்து இறக்கிய, கைக்கு அடங்குகிற அளவு இரும்புக் கட்டை ஒன்று, அதுதான் பட்டடை. ஒருவர் உட்கார்ந்து குறடால் இரும்பைப் பிடிக்கிறார். எதிரே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுகிறார்கள், பல நேரம் அதில் ஒருவர் பெண். மொத்தப் பட்டறையும் ஒரு சின்ன வண்டியில் அடங்கிவிடும். மென்பொருள் உலகில் 'மினிமம் வயபிள் ப்ராடக்ட்' என்று ஆயிரம் முறை பேசுகிறோம், இதுதான் அது.

நம் கிராமத்துக் கொல்லுப்பட்டறையின் அமைப்பும் ஏறக்குறைய இதேதான். ஒரு மரக்கட்டையில் பதித்த பட்டடை, தரையோடு ஒட்டிய உலை, துருத்தி. தோல் துருத்தி போய் இப்போது கை விசிறியோ மின்சார ஊதியோ வந்துவிட்டது. ஆனால் காற்று நுழைகிற களிமண் குழாய்க்கு வயது அதிகம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகளோடு ஊதுகுழாய்களும் கிடைத்திருக்கின்றன.

செங்கல்பட்டு பக்கம் ஒரு பட்டறைக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் நாள் நான் சுத்தியலைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மொதல்ல ஊதுங்க சார். அடிக்கிறது அப்புறம் பாத்துக்கலாம்." ஆறு வாரம் ஊதினேன். அப்புறம்தான் சம்மட்டி, அதுவும் அவர் காட்டுகிற இடத்தில் மட்டும். கைச்சுத்தியல் அதற்கும் பிறகு. ஏதோ சின்னப் பையனை எடுபிடி வேலைக்கு வைத்திருக்கிற பழக்கம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அதில் ஒரு நல்ல பொறியியல் காரணம் இருக்கிறது.

இரும்பு வேலையில் அடிப்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. கஷ்டமான பகுதி நெருப்பு. கரி உலையில் காற்று வருகிற வாயருகே ஆக்சிஜன் மிகுதி. கொஞ்சம் மேலே போனால் அந்த ஆக்சிஜனைக் கரியே தின்று தீர்த்திருக்கும், சூடு இருக்கும், ஆனால் இரும்பைத் தின்ன ஆக்சிஜன் இருக்காது. இரும்பை வைக்க வேண்டிய இடம் அந்த நடுப்பகுதி. வாயருகே வைத்தால் மேலெல்லாம் கறுப்புச் செதில் பிடித்து உதிரும். இன்னும் காற்று கூடினால் இரும்பே எரியும். கம்பி மத்தாப்பு எப்படிப் பொறி விடுகிறது? அதில் இருப்பது இரும்புத்தூள் எரிகிற பொறிதான். உலையிலிருந்து எடுத்த துண்டு அந்த மாதிரிப் பொறி விட்டால் அந்த முனை போச்சு, வெட்டி எறியணும். காற்று குறைந்தாலோ இரும்பு சிவக்கும், ஆனால் இளகாது. ஊதுகிறவன் இதையெல்லாம் கையாலேயே உணர்கிறான். கரி எப்போது சரிந்தது, எப்போது புதுக்கரி போடணும், எந்தச் சத்தத்தில் நெருப்பு பிடித்துவிட்டது என்று.

அதோடு நிறம். சாதாரண இரும்பை அடிக்க ஆரஞ்சு நிறம் வரணும், தோராயமாக 900 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும். கருஞ்சிவப்புக்கு இறங்கிவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைக்கணும். 12 மி.மீ. கம்பி என்றால் உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து, இருபது நொடி. இந்த நிறத்தை வெயிலில் பார்க்க முடியாது. நிழலில் பளிச்சென்று தெரிகிற சிவப்பு, சென்னை நண்பகலில் வெறும் கறுப்பாகத் தெரியும். கொல்லுப்பட்டறைகள் ஏன் எப்போதும் இருட்டாக, கூரை தாழ்ந்து இருக்கின்றன என்பதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. மொட்டை மாடியில் வெட்டவெளியில் உலை வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கணும்.

நெருப்பைத் தெரியாமல் சுத்தியலைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே நல்ல உதாரணம் உண்டு, அதுவும் நம் சரக்கை வைத்து. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகை ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்று அழைத்தார்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மேல்சிறுவளூரில் அப்படி எஃகு செய்த இடத்தைத் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மைக்கேல் ஃபாரடே 1819-ல் இந்த எஃகைப் பகுப்பாய்வு செய்தார், பிறகு அதேபோல் செய்து பார்க்கவும் முயன்றார். இதில் கார்பன் மிக அதிகம், பல மாதிரிகளில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. கார்பன் கூடக் கூட இரும்பு தாங்கும் அதிகபட்சச் சூடு குறையும். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூடு வரைக் காய்ச்சி அடித்தார்கள், எஃகு பொடிந்து சிதறியது. குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது வாளாகியது. அதனால், 'டமாஸ்கஸ் கத்தி செய்யணும்' என்று முதல் நாளே வருகிறவர்களிடம் நான் சொல்வது: முதலில் ஒரு கொக்கி செய்வோம்.

சரி, காற்று, நெருப்பு ஆச்சு. சென்னையில் கரிக்கு எங்கே போவது? உங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இன்னும் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே உங்களுக்கும் வரும். தமிழ்நாட்டு அடுப்புக்கரியில் பெரும்பங்கு ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சீமைக்கருவேலம். அந்த மரத்தைத் திட்டாத ஆளில்லை, ஆனால் உலைக்கு அருமையான கரி. கந்தகம் கிடையாது, சாம்பலும் குறைவு. பொறி மட்டும் கொஞ்சம் பறக்கும். காற்றுக்குப் பழைய ஹேர் டிரையர் போதும், சூட்டை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டணும். ஆனால் அதன் வேகத்தைக் குறைக்க ஏதாவது வழி செய்யாவிட்டால் கரி பறந்து தீரும். கையால் சுற்றுகிற ஊதி பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லது, ஏனென்றால் நீங்கள் சுற்றுவதை நிறுத்தினால் காற்றும் நிற்கும். மின்சார ஊதி உங்களுக்காகக் காத்திருக்காது.

கேஸ் உலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோவில் வருகிற பர்னர்கள் அரை பார், ஒரு பார் அழுத்தத்தில் ஓடுகின்றன. நம் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் கொடுப்பது சுமார் 30 மில்லிபார். அதாவது பதினைந்து, இருபது மடங்குக்கு மேல் குறைவு. அந்த பர்னரை இதில் மாட்டினால் மெழுகுவர்த்தி மாதிரி எரியும். உடனே யாராவது ரெகுலேட்டரை மாற்றச் சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2000-ம் ஆண்டின் எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டரும் அதற்குரிய உயர் அழுத்த ரெகுலேட்டரும் குழாயும்தான் முறையான வழி. ஆனால் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கில், பத்து பெட்ரோல் வண்டிகளுக்கு நடுவில் அதைப் பற்றவைக்க நினைக்காதீர்கள். மொட்டை மாடியும் சரிவராது. நெருப்பு நேராகப் படுகிற கான்கிரீட்டில் ஈரம் ஆவியாகி, துண்டு துண்டாகத் தெறிக்கும்.

இப்போது பட்டடை. எல்லோரும் ஆசைப்படுகிற விஷயம், நான் கடைசியில் வைக்கிற விஷயம். கொம்பும் வாலும் வைத்த சீமைப் பட்டடையில் எடையின் ஒரு பகுதி அந்தக் கொம்பிலும் வாலிலும் போய்விடுகிறது. சுத்தியல் விழுகிற இடத்துக்கு நேர் கீழே இருக்கிற எடைதான் அடியைத் தாங்குகிறது. அதனால்தான் நம்மூர்ச் சின்னக் கட்டை, மரத்தில் பதித்து மண்ணில் இறக்கினால், அதன் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. 4 அங்குலச் சதுரத்தில் 6 அங்குல நீள இரும்புக் கட்டை கிட்டத்தட்ட 12 கிலோ வரும். அதைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கனமான மரக்கட்டையில் பதித்தால் கொக்கி, உளி, சின்னக் கத்தி எல்லாம் அடிக்கலாம். சாதா இரும்பு என்பதால் மேல்முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியும். அரத்தால் சரி செய்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் எல்லோரும் சொல்கிற மாற்று, ரயில் தண்டவாளத் துண்டு. எடைக்கணக்குப்படி நல்ல யோசனைதான். நம் ரயில்வேயின் தண்டவாளம் மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ, ஒரு அடி நீளத் துண்டே 15 கிலோவுக்கு மேல். ஆனால் இங்கே அது விளையாட்டில்லை. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் 1966-ன்படி, திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே சொத்து உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இரும்புக் கடையில் 'பில்லெல்லாம் வேணாம் சார்' என்று ஒரு துண்டைத் தூக்கிக் கொடுத்தால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடிக்கிற இரும்புக்குப் புதுப்பேட்டை. லாரி பட்டையும் கார் சுருள் ஸ்பிரிங்கும் அங்கே மலை மாதிரி கிடக்கும். பட்டை என்பது லீஃப் ஸ்பிரிங். அதில் கார்பன் சுமார் அரை சதவீதத்துக்கு மேல், சிலிக்கானும் உண்டு. அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியிலிருந்து சாலையோரக் கூடாரம் வரை எல்லோரும் பட்டையைத் தேடுவதற்குக் காரணம், சரியான தோய்ச்சல் கொடுத்தால் கூர் நிற்கும், வளைந்தாலும் முறியாது. ஆனால் அது கடினமான இரும்பு. பழகும்போது கை ஓய்ந்துவிடும். முதல் சில மாதம் சாதாரண 10 மி.மீ. அல்லது 12 மி.மீ. உருட்டுக் கம்பி போதும். வீடு கட்டி மிச்சமான முறுக்குக் கம்பியும் பரவாயில்லை, மேலே இருக்கிற வரிகளை மட்டும் அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடிக்கும்போது அவை மடிந்து உள்ளே விரிசலாக நிற்கும். ஒன்று மட்டும் கூடவே கூடாது: ஜி.ஐ. பைப்பு. துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம்தான்.

தோய்ச்சலைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் வாசகர்கள் விடமாட்டீர்கள். பட்டையில் செய்த கத்தியைச் சூடாக்கிக்கொண்டே காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டுவது நின்றுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கணும். நேரே தண்ணீரில் போட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அது விரிசல். எண்ணெயில் குளித்த கத்தி கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அதனால் துடைத்துத் தேய்த்து, மெல்லச் சூடேற்றி நிறம் பார்க்கணும். 220 டிகிரிப் பக்கம் வைக்கோல் நிறம், 300-ஐ நெருங்கினால் நீலம். வீட்டு அவனே இதற்குப் போதும், வீட்டில் அனுமதித்தால். கிராமத்துக் கொல்லர் இவ்வளவு செய்வதில்லை. வாய்ப்பகுதியை மட்டும் ஒரு கணம் தண்ணீரில் தொட்டு எடுத்து, முதுகில் மிச்சமிருக்கிற சூடு முன்னே ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சரியான நிறம் வந்ததும் முழுக்க முக்கிவிடுவார். கடினமாக்குவதும் பதப்படுத்துவதும் ஒரே காய்ச்சலில் முடிந்துவிடும். கண் மட்டும் தப்பக்கூடாது.

கண் என்றதும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பருத்திச் சட்டை, மூடிய ஷூ. பாலியெஸ்டர் பனியன் உருகி உடம்போடு ஒட்டும்.

கடைசியில் இடம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சம்மட்டி அடி ஒன்றே அதையெல்லாம் தாண்டிவிடும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ அடுக்குமாடியில் இருந்துகொண்டு இதைச் செய்ய வழியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் 'என்ன வாங்கணும்' என்பதற்கு என் பதில்: எதுவும் வாங்காதீர்கள், யாரிடம் போவது என்று பாருங்கள். ஒரு மணி நேர வண்டி ஓட்டத்தில், உழவு நடக்கிற ஏதாவது ஊரில், ஒரு பட்டறை இன்னும் இருக்கும்.

இங்கேதான் நெருடலான விஷயம் வருகிறது. நான் போகிற பட்டறையில் அடுத்த தலைமுறை கிடையாது. அவருடைய மகன் பி.இ. முடித்துவிட்டு எங்கள் துறைக்கு வரத் தயாராகிக்கொண்டிருக்கிறான், நேர்முகத் தேர்வுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் ஓடிவருகிற இடத்திலிருந்து நான் அங்கே ஓடுகிறேன். "ஒங்களுக்கு இது பொழுதுபோக்கு சார், எங்களுக்கு இடுப்பு வலி" என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

தொழிலைப் பிறப்போடு சேர்த்துக் கட்டுவது பற்றிய சண்டை அரசுத் திட்டங்கள் வரை வந்துவிட்டது. ஒன்றிய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கியது, கொல்லர் உட்பட 18 தொழில்களுக்கு. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள். குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்கணும் என்ற நிபந்தனையையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் எதிர்த்து, தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது. சாதிப் பாகுபாடு இல்லாமல், 35 வயது நிரம்பியவர்களுக்கு என்று 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பையன் படிப்பை விட்டுவிட்டுத் துருத்திக்குத் திரும்பக்கூடாது என்பது சரியான கவலை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் போனபிறகு அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற என் போன்ற ஈக்கள் அதற்குப் போதாது.

எங்களால் முடிந்த ஒன்று, காசை ஒழுங்காகக் கொடுப்பது. 'சும்மா பாத்துட்டுப் போறேன் அண்ணா' என்று போய் அரை நாளைக் கெடுக்காதீர்கள். அன்றைக்கு அவருக்கு என்ன வரும்படி வருமோ அதைக் கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள், கரிக்குத் தனியாக. வீடியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். உழவுக்கு முன்னும் அறுவடைக்கு முன்னும் அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், மண்வெட்டியும் அரிவாளும் வரிசையாகக் காத்திருக்கும். அந்த வாரங்களில் போனால் சம்மட்டி பிடிக்கத் தயாராகப் போங்கள், இல்லையென்றால் வேலை ஓய்ந்த மாதத்தில் போங்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் வேண்டாம். பொரிகடலை கிடைக்கும், சுத்தியலுக்கும் குறடுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள், ஆனால் உலை மூட்ட மாட்டார்கள்.